ஒரு கம்பி, நாலு பங்காளி

மலைமேல் சிவனும் பார்வதியும் ஒரே உடலைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு சண்டையில்லாமல் இருக்கும் ஊர் திருச்செங்கோடு. மலையடியில் எங்கள் சித்தப்பாவின் ரிக் ஆபீஸில் மட்டும் ஓயாத பங்காளிச் சண்டை. போர் போடும் லாரிகள் மத்தியப் பிரதேசம் வரை போய் மாதக்கணக்கில் தங்கிவிடும். அவற்றுக்கும் எங்களுக்கும் உறவு ஒரே ஒரு டெலிபோன் கம்பிதான். அதற்குப் பங்காளிகள் நாலு: சித்தப்பாவின் மேஜை டெலிபோன், உள்ளறையில் கணக்குப்பிள்ளையின் டெலிபோன், ஃபாக்ஸ், இன்டர்நெட். ஒருவர் வாய் திறந்தால் மற்ற மூவரும் வாயடைத்து நிற்க வேண்டும்.

2004-ம் வருஷம் ஒரு பிற்பகல். இன்டர்நெட்டில் ஏதோ கதை படித்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். எழுந்ததும் மணி அடித்தது.

"பையனுக்குக் கால் நசுங்கிப்போச்சுங்க தம்பி. ஆஸ்பத்திரியில பணம் கட்டோணும். பூத்துல நின்னு ஒரு மணி நேரமாப் போட்டுப் பாக்கறனுங்க, எங்கேஜாவே இருக்குதுங்க" என்றார் டிரைவர்.

சித்தப்பா உடனே பணத்துக்கு ஏற்பாடு செய்தார். கால் பிழைத்தது, இரண்டு விரல்கள் போயின. அந்த ஒரு மணி நேரத்துக்கும் அந்த விரல்களுக்கும் சம்பந்தம் உண்டா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அதன் பிறகுதான் இந்த வழக்கின் பூர்வோத்தரத்தை விசாரித்தேன். வழக்கு டெலிபோனைவிடப் பழையது! பங்காளிகளில் மூத்தவர் ஃபாக்ஸ். கம்பி வழியே உருவங்களை அனுப்பும் முறைக்கு அலெக்ஸாண்டர் பெயின் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1843-லேயே உரிமை வாங்கிவிட்டார். கிரஹாம் பெல்லோ, ஒரே கம்பியில் பல தந்திகளை வெவ்வேறு சுருதியில் ஒரே சமயத்தில் அனுப்ப வழி தேடியவர். அந்தத் தேடலில்தான் 1876-ல் டெலிபோன் கிடைத்தது. ஆக, டெலிபோனே பங்கு பிரிக்கப் போன இடத்தில் பிறந்த குழந்தைதான். 1882-ல் அது சென்னைக்கும் வந்து சேர்ந்தது.

டெலிபோன் கம்பியில் குரலுக்கு ஒதுக்கிய நிலம் வினாடிக்கு 300 அதிர்விலிருந்து 3,400 அதிர்வு வரை. எங்கள் பழைய இன்டர்நெட்டும் அங்கேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு மேலே கம்பி தரிசாகக் கிடந்தது. 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் பெல்கோர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜோசப் லெக்லைடர் போன்றவர்கள் அந்தத் தரிசை உழ முனைந்தார்கள். அப்படிப் பிறந்த டி.எஸ்.எல். முறையில் சுமார் 25,000 அதிர்விலிருந்து பதினோரு லட்சம் வரை இன்டர்நெட்டுக்கு விளைநிலம் ஆயிற்று. பி.எஸ்.என்.எல். அந்தச் சேவையை 2005 ஜனவரியில் தொடங்கியது.

எங்கள் ஆபீஸுக்கு அது வந்தபோது, தீப்பெட்டி போன்ற ஃபில்ட்டர்களும் கூடவே வந்தன. அவைதான் வரப்பு. இரண்டு டெலிபோன்களுக்கும் ஃபாக்ஸுக்கும் முன்னால் ஒவ்வொன்று. மோடத்துக்கு மட்டும் வேண்டாம். ஒன்றை மறந்தாலும் பேச்சில் இரைச்சல் கேட்கும். இன்டர்நெட்டும் அறுந்து அறுந்து வரும். ஆனால் ஃபாக்ஸும் பேச்சும் ஒரே நிலத்துக்காரர்கள். அவர்களுக்கு நடுவே வரப்புப் போட முடியாது. முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். ஃபாக்ஸ் அனுப்புவது சாப்பாட்டு வேளையில் மட்டும் என்று சித்தப்பா கட்டளையிட்டார்.

இன்று டிரைவர்களின் சட்டைப்பையிலேயே டெலிபோன் இருக்கிறது. ஆபீஸுக்குக் கண்ணாடி இழை வந்துவிட்டது. பழைய தாமிரக் கம்பி சுவரோடு சும்மா கிடக்கிறது. ஆனாலும் கதை படித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டால், நடுவில் ஒரு தரம் எழுந்துபோய் டெலிபோனைப் பார்த்துவிட்டு வருகிறேன்.