கார்த்தேஜ் முதல் ஹிப்போ வரை: இலத்தீன் திருச்சபையில் பொறுமை என்னும் அறத்தின் வளர்ச்சி

பொறுமையை மட்டுமே பொருளாகக் கொண்டு இலத்தீனில் எழுந்த கிறிஸ்தவ நூல்களுள் இன்று கிடைக்கும் மிகப் பழையது, கி.பி. 200ஐ ஒட்டி, இன்றைய துனிசியாவில் உள்ள கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன் எழுதிய சிறுநூலாகும். கடுஞ்சொல்லுக்குப் பேர்பெற்ற இவ்வாசிரியர், நோயாளி உடல்நலத்தின் அருமையைப் பேசுவதுபோலத் தம்மிடம் இல்லாத ஒன்றைப் பற்றியே எழுதுவதாகத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறார். இன்ப துன்பங்களால் அசைவுறாத உள்ளமே அறிவின் முதிர்ச்சி என்ற ஸ்தோயிக் மெய்யியலார் பொறுமையை மனிதனின் தன்முயற்சியில் நிறுத்தியிருக்க, தெர்த்துல்லியன் அதன் ஊற்றைக் கடவுளிடம் கண்டார். நல்லார்மீதும் தீயார்மீதும் கதிரவனை உதிக்கச் செய்பவரிடம் உள்ள அப்பண்பு, கருவறையில் காத்திருந்து பிறந்து, காட்டிக்கொடுக்கவிருந்தவனையும் தம்மோடு வைத்திருந்த கிறிஸ்துவிடம் கண்கூடாயிற்று என்பது அவர் வாதம். கெத்சமனியில் கிறிஸ்துவைப் பிடிக்க வந்தோருள் ஒருவனான மால்குவின் காதைச் சீடர் பேதுருவின் வாள் வெட்டியபோது புண்பட்டது ஆண்டவரின் பொறுமையே என்று அவர் கொள்ளும் பொருள், பழிவாங்கும் சீடன் தன் ஆண்டவரையே தாக்குகிறான் என்னும் அளவுக்கு இவ்வறத்தை உயர்த்துகிறது.

தெர்த்துல்லியனைப் படிக்காமல் ஒருநாளும் கழித்ததில்லை என ஜெரோம் குறிப்பிடும் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான், ‘பொறுமையின் நன்மை’ என்ற தம் நூலை 256இல் எழுதியபோது அக்கருத்துகளைப் பெரிதும் பின்பற்றினார். ஆனால் அவர் எழுதிய சூழல் முற்றிலும் வேறு. திருச்சபையிலிருந்து பிரிந்த குழுக்களில் திருமுழுக்குப் பெற்றவர்கள் திரும்பி வரும்போது மீண்டும் திருமுழுக்குப் பெற வேண்டுமா என்ற வழக்கில், வேண்டும் என்றார் சிப்பிரியான். கைகளை வைத்து ஏற்றுக்கொண்டாலே போதும் என்றார் உரோமை ஆயர் ஸ்தேவான். பூசல் முற்றியிருந்த அவ்வேளையில் நூல் அப்பூசலைப் பற்றி வாய்திறக்கவில்லை என்பது கவனத்துக்குரியது. உடன் ஆயர்களோடு அன்பைக் காக்கவே அதை எழுதியதாக யூபயானு என்ற ஆயருக்கு விடுத்த மடலில் சிப்பிரியானே தெரிவிக்கிறார். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் கூடிய கார்த்தேஜ் சங்கத்தில் 87 ஆயர்களின் கருத்துகள் பதிவாயின. மாறுபட்டுச் சிந்திப்பதற்காக எவரையும் தீர்ப்பிடவோ உறவிலிருந்து விலக்கவோ போவதில்லை என்று கூறியே அவர் அதைத் தொடங்கிவைத்தார். துன்புறுத்தும் அரசைப் பொறுப்பதைவிடத் தவறிழைப்பதாகத் தாம் கருதும் உடன்பிறப்பைப் பொறுப்பது அரிது. இவ்வறம் திருச்சபையின் உள்வாழ்வுக்குரிய ஒழுக்கமானது சிப்பிரியானிடத்தில்தான்.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய அல்ஜீரியாவில் இருந்த ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன் வேறொரு கேள்வியை எழுப்பினார். கொள்ளையனும் பேராசைக்காரனும் தம் நோக்கத்துக்காகப் பசியையும் குளிரையும் தாங்குகிறார்களே, அதுவும் பொறுமையா? தாங்கும் வலிமை பொறுமையாகாது, எதற்காகத் தாங்குகிறார் என்பதே அதை அறமாக்குகிறது என்றார் அவர். மனித விருப்பமே நன்மை செய்யப் போதும் என வாதிட்ட பெலாஜியருக்கு மறுப்பாக, பொறுமை அன்பிலிருந்து பிறப்பது, அவ்வன்போ இறையருளின் கொடை என்றும் நிறுவினார். கடவுளின் பண்பைப் பின்பற்றுதல் என்று தெர்த்துல்லியன் தொடங்கிய சிந்தனை, அப்பண்பைக் கடவுளே தந்தால்தான் மனிதரால் பின்பற்ற இயலும் என்ற முடிவுக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது.

கோட்பாட்டின் நுட்பத்தில் அகுஸ்தீனே முதன்மை பெறுகிறார். வாழ்ந்து காட்டியதில் அவ்விடம் சிப்பிரியானுக்கே உரியது. மறுதிருமுழுக்கு குறித்து அவர் பிழைபட்டார் என்று எழுதிய அகுஸ்தீனே, கருத்து மாறுபாட்டிலும் ஒற்றுமையை முறிக்காத பொறுமைக்காக அவரைப் போற்றினார். இலத்தீன் திருச்சபை சிப்பிரியானின் அக்கருத்தை ஏற்கவில்லை. ஆயினும் 258 செப்டம்பர் 14 அன்று தலை வெட்டப்பட்டு இறந்த அவரது பெயர், உரோமையின் பழைய நற்கருணை மன்றாட்டில் இன்றும் சொல்லப்படுகிறது.