நாற்சந்திக் கதையும் கிற்றார்ப் பயிற்சியும்

ஐக்கிய அமெரிக்காவின் தென்பாகத்திலுள்ள மிசிசிப்பி மாநிலத்தைப் பற்றி வழங்கிவரும் கதையொன்று உண்டு. கிற்றார் வாசிக்கத் தெரியாத இளைஞன் ஒருவன் நள்ளிரவிலே தனியனாய் ஒரு நாற்சந்திக்குச் சென்றானாம். அங்கே தோன்றிய கரிய உருவம் ஒன்று அவன் கையிலிருந்த வாத்தியத்தை வாங்கிச் சுருதி கூட்டிக் கொடுத்ததாம். அதற்கு விலையாக அவன் தன் ஆன்மாவையே அளித்தானாம். அன்று தொட்டு வாசிப்பில் அவனுக்கு ஒப்பார் எவரும் இலராயினராம். இக்கதைக்கு நாயகராக்கப்பட்டவர் றொபேட் ஜோன்சன் என்னும் பாடகர். 1911ஆம் ஆண்டிற் பிறந்தவராகக் கொள்ளப்படும் இவர், 1938ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 16ஆம் நாள் தமது 27ஆம் வயதில் மறைந்தார். இவர் இசைத்தட்டுக்களிற் பதித்த பாடல்கள் 29.

கதை சுவையானதே. ஆயினும் அது ஓர் ஆசிரியரையும், அவரை நாடிச் சென்ற மாணவன் ஒருவனின் இரவுநேர உழைப்பையும் மக்கள் கண்ணினின்று மறைத்துவிட்டது. கிற்றாரைப் புதிதாகக் கையிலெடுத்த எளிய மனிதர் புளூஸ் இசையை எவ்வாறு பயின்றனர் என்பதை ஆராய்ந்தால், அம்மறைப்பு விலகக் காணலாம்.

புளூஸ் என்பது ஆபிரிக்க வழிவந்த அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய பாட்டுமுறை. 1865இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் அம்மக்களின் வாழ்வில் விடிவு பிறந்துவிடவில்லை. மெம்பிஸ் நகரிலிருந்து விக்ஸ்பேர்க் நகர் வரை ஏறத்தாழ 200 மைல் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் வெள்ளப் படுகை நிலம் டெல்ரா என வழங்கப்படும். அங்குள்ள பருத்தித் தோட்டங்களில் அவர்கள் வாரக்குடிகளாக உழைத்தனர். விதையும் உணவும் முதலாளியிடம் கடனாகப் பெற்று, அறுவடையின் பின் கணக்குப் பார்க்கும்போது, பலர் மீண்டும் கடனாளிகளாகவே எழுந்து சென்றனர். சனிக்கிழமை இரவுகளிற் சிறு கொட்டகைகளிலே கூடி ஆடிப்பாடுவதே அவர்களுக்கிருந்த ஆறுதல். அங்கே கிற்றார் வாசிக்க வல்லவன் பருத்தி கொய்யாமலே வயிறு வளர்க்கலாம். ஆகவே, ஓர் ஏழை இளைஞனுக்குக் கிற்றார் பொழுதுபோக்கு மாத்திரமன்று. வயலினின்று வெளியேறும் வாயிலுமாகும்.

இவ்விசையை உலகறியச் செய்தவருள் ஒருவர் டபிள்யூ. சீ. ஹான்டி. 1903ஆம் ஆண்டளவில் ரட்வைலர் என்னும் ஊரின் புகைவண்டி நிலையத்திலே, கந்தலுடுத்த ஒருவர் கத்தியைக் கிற்றார் நரம்புகளின் மீது இழைத்து வாசித்ததை முதன்முதலாகக் கேட்டு வியந்ததாக அவர் தமது வரலாற்றில் எழுதியுள்ளார். அவரது இளமையில் நிகழ்ந்த செய்தியொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து அவர் ஒரு கிற்றாரை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மதபோதகரான தந்தையார் அதனைக் கண்டு வெகுண்டு, சாத்தானின் கருவியெனக் கடிந்து, கடையிலே திருப்பிக் கொடுத்து அதற்கு மாற்றாக ஓர் அகராதியை வாங்கிவரச் செய்தார். பக்தி மிக்க குடும்பங்கள் பலவற்றிற் கிற்றாரைப் பற்றி நிலவிய எண்ணம் இதுவே. நாற்சந்திக் கதை முளைப்பதற்கு வேண்டிய நிலம் இவ்வாறு முன்னரே பண்பட்டிருந்தது.

இனி, பயில விரும்புவோன் வாத்தியத்துக்கு எங்கே செல்வான்? மிசிசிப்பிச் சிறுவர் பலர் வீட்டுச் சுவரிலே இரண்டு ஆணிகளை அறைந்து, துடைப்பத்தைக் கட்டிய கம்பியை அவிழ்த்து அவற்றிடையே இழுத்துக் கட்டினர். ஒரு கையால் அதனை மீட்டி, மறுகையிலுள்ள போத்தலை அக்கம்பியின் மீது நகர்த்தினர். அவர்களுடைய முதற் பள்ளிக்கூடம் அந்தச் சுவரே. ஒற்றைக் கம்பியில் நாதம் ஏறியிறங்கும் இடங்களைக் காது அறிந்துகொண்ட பின்னரே, ஆறு கம்பிகளுள்ள கிற்றார் கைக்கு வந்தது.

வட கரொலைனா மாநிலத்திலே 1893இற் பிறந்த எலிசபெத் கொற்றன் அம்மையாரின் வரலாறு மேலும் உருக்கமானது. தமையனார் வேலைக்குச் சென்ற வேளைகளில் அவருடைய வாத்தியத்தை மறைவாக எடுத்துப் பழகினார் அச்சிறுமி. இடக்கைப் பழக்கமுடையவராதலின், வலக்கையாளருக்காக நரம்பு கட்டிய வாத்தியத்தைத் தலைகீழாகவே பிடித்தார். தமையனார் வீட்டைவிட்டு நீங்கியபோது வாத்தியமும் உடன் சென்றுவிட்டது. சிறுமி வீட்டுவேலைக்குப் போய், மாதம் 75 சதம் என்னும் சம்பளத்திற் சேமித்து, 3 டொலர் 75 சதத்துக்கு ஒரு கிற்றாரைத் தமக்கென வாங்கினார். பிறர் பெருவிரலால் வாசிக்கும் அடித்தொனியை மற்ற விரல்களாலும், பிறர் விரல்களால் எழுப்பும் பாட்டின் மெட்டைப் பெருவிரலாலும் வாசிக்கும் முறை அவருக்கு இயல்பாயிற்று. அப்படிப் பிடிப்பது பிழையென்று திருத்துவதற்கு ஆசிரியர் எவரும் அருகிலிருக்கவில்லை. பின்னாளில் அம்முறையே அவர் பெயரால் வழங்கலாயிற்று. இடையிலே பல பத்தாண்டுகள் கிற்றாரைக் கைவிட்டிருந்த அவர், முதுமையில் மீண்டும் அதனை எடுத்து, 1958இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டார்.

புதிதாய்ப் பயில்வோன் எதிர்கொண்ட இடர்கள் எவை? முதலாவது வலி. உருக்குக் கம்பிகள் விரல் நுனியை அறுக்கும். தோல் தடித்துக் காய்ப்பேறும்வரை வாரக் கணக்கிற் பொறுத்திருத்தல் வேண்டும். இரண்டாவது, வலக்கையின் பிரிவினை. பெருவிரல் தடித்த கம்பிகளிலே தாளம் தவறாது அடித்துக்கொண்டிருக்க, மற்றைய விரல்கள் மெல்லிய கம்பிகளிலே பாட்டை எழுப்பவேண்டும். தொடக்கத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். விரல் ஓடினால் பெருவிரல் நின்றுவிடும். பெருவிரல் நினைவின் துணையின்றித் தானாகவே நடக்கப் பழகும்வரை, அதனைத் தனியே பயிற்றுவதே வழி. மூன்றாவது, போத்தற் கழுத்தை விரலிற் செருகி வாசிக்கும் முறை. கம்பியை மெட்டின் மேல் அழுத்தாது, கண்ணாடியை மெல்லத் தொட்டு நகர்த்துவர். நம்மவருள் கோட்டுவாத்தியம் கேட்டோர் இவ்வொலியின் இயல்பை எளிதில் உணர்வர். விரலால் வாசிக்கையில் மெட்டுக்குச் சற்றுப் பின்னே அழுத்த வேண்டும். போத்தற் கழுத்தோ மெட்டுக்கு நேர் மேலே நிற்றல் வேண்டும். மயிரிழை தவறினும் சுருதி பிசகும். கையழுத்தம் சிறிது மிகினும் கம்பி மெட்டில் மோதிக் கடகடக்கும்.

பாட்டின் அமைப்போ பார்வைக்கு எளியது. பன்னிரண்டு தாளக்கட்டுக்கள், மூன்று கூட்டொலிகள், மூன்று அடிகள், முதலடியே இரண்டாம் அடியாகத் திரும்பவரும். ஒவ்வோர் அடியிலும் பாடுவோன் பாதியிற் குரலை நிறுத்திவிடுவான். எஞ்சிய பாதியிற் கிற்றார் மறுமொழி கூறும். ஆகவே இங்கு வாத்தியம் பக்கவாத்தியமாக நின்றுவிடாது, இரண்டாவது குரலாகவே நிற்கின்றது. குரலுக்கு விடையிறுக்கத் தெரியாதவன், மூன்று கூட்டொலிகளையும் ஒரே நாளிற் கற்றாலும் புளூஸ் கற்றவனாகான்.

இதனைக் கற்பிக்க நூல்களில்லை, பாடசாலைகளில்லை. வாசிப்போர் அருகிலிருந்து விரல்களைப் பார்த்துப் பழகுவதே வழி. கண்ணிழந்த பாடகர் சிலரைக் கைபிடித்து வீதிவழியே அழைத்துச் சென்ற சிறுவர், அத்தொண்டினூடே வித்தையையும் பெற்றனர். டலஸ் நகரில் பிளைன்ட் லெமன் ஜெபர்சனுக்கு வழிகாட்டியாகச் சென்ற றீ-போன் வோக்கர் பிற்காலத்திற் பெரும் புகழெய்தினார்.

சண் ஹவுஸ் என்பவரின் வரலாறு வேறொரு வகையினது. அவர் தேவாலயத்திற் போதித்தவர், கிற்றாரை வெறுத்தவர். ஏறத்தாழ 25ஆம் வயதில், 1927இல், ஒருவர் போத்தல் கொண்டு வாசித்ததைக் கேட்டு மனம் மாறினார். உடைந்த கிற்றார் ஒன்றை ஒன்றரை டொலருக்கு வாங்கினார். அவ்வாசிப்பாளரே அதனைச் செப்பனிட்டுச் சுருதி கூட்டிக் கொடுத்தார். மூன்றே ஆண்டுகளில் ஹவுஸின் பாடல்கள் இசைத்தட்டுக்களில் ஏறின.

இந்தச் சண் ஹவுஸும், வில்லி பிறவுன் என்பவரும் 1930 அளவில் றொபின்சன்வில் என்னும் ஊரிலே சனிக்கிழமை இரவுகளில் வாசித்தனர். அங்கே அவர்களின் காலடியில் வந்து அமர்ந்திருந்தவரே றொபேட் ஜோன்சன். வாசிப்போர் இளைப்பாற வெளியே சென்றதும், அவர்களுடைய கிற்றாரை எடுத்து அவர் முயன்று பார்ப்பார். எழும் ஓசை பொறாது மக்கள் முறையிடுவர். ஹவுஸ் உள்ளே வந்து கடிந்துகொள்வார். பிற்காலத்தில் ஹவுஸ் தாமே இதனை நினைவுகூர்ந்துள்ளார். கடிந்தவரும் மூன்றாண்டுகளின் முன்னரே முதற் கிற்றாரைத் தொட்டவர் என்பது நினைக்கத்தக்கது. அதே 1930இல் ஜோன்சனின் இளம் மனைவி பிரசவத்தில் மாண்டார். ஜோன்சன் ஊரை விட்டு நீங்கினார்.

மீண்டும் வந்தபோது அவர் வாசித்ததைக் கேட்டு ஹவுஸும் பிறவுனும் வாயடைத்து நின்றனர். இடையிற் கழிந்த காலத்தை ஹவுஸ் சில மாதங்களாகவே நினைவிற் கொண்டிருந்தார். ஓராண்டுக்கு மேல் என்பது பின்னாளில் ஆராய்ந்தோர் கணக்கு. அக்காலத்தில் நடந்தது என்ன?

ஜோன்சன் தாம் பிறந்த ஹேசில்ஹேர்ஸ்ட் ஊர்ப்பக்கம் சென்றார். அதற்கணித்தான போறகாட் என்னும் சிற்றூரிலே ஐக் சிமர்மன் என்ற கிற்றார் வல்லுநர் வாழ்ந்தார். வீதியமைக்கும் வேலை செய்து குடும்பத்தைக் காத்த அவர், இளைஞரைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துக் கற்பித்தார். வீட்டிலே பிள்ளைகள் உறங்கவேண்டும்; பயில்வோனின் பிழைகள் பிறருக்குத் தொல்லையாதலும் ஆகாது. ஆகவே இருவரும் இரவிலே அருகிலிருந்த இடுகாட்டுக்குச் சென்று, கல்லறைகளின் மேல் எதிரெதிரே அமர்ந்து வாசித்தனர். சிமர்மன் குடும்பத்தார் கூறிய இச்செய்திகளை, புறூஸ் கொன்போத், கேல் டீன் வாட்லோ என்னும் இரு ஆராய்ச்சியாளர் 2019இல் வெளியிட்ட ஜோன்சன் வரலாற்றில் விரிவாக எழுதியுள்ளனர். றொபின்சன்வில்லில் எள்ளி நகையாடப்பட்ட கைகளுக்கு, பிழைவிடும் உரிமை முதன்முதலிற் கிடைத்தது அவ்விடுகாட்டிலேதான்.

1936 நவம்பரிற் சன் அன்ரோனியோவிலும், 1937 யூனில் டலஸிலும் ஜோன்சனின் பாடல்கள் பதிவாயின. அவற்றைக் கேட்டோர் பலர் இருவர் வாசிப்பதாகவே மயங்கினர். அவர்களுள் ஆங்கிலக் கிற்றார்க் கலைஞர் கீத் றிச்சர்ட்ஸும் ஒருவர். இரண்டாமவர் போன்று ஒலித்தது, தானாக நடக்கப் பழகிய அந்தப் பெருவிரலே. 1938 டிசம்பரில் நியூயோர்க் காணகி மண்டபத்தில் நிகழ்ந்த பெருங் கச்சேரிக்கு அவரை அழைக்கத் தேடியபோது, அவர் இறந்துவிட்டார் என்ற செய்தியே கிடைத்தது. மேடையில் அவருடைய இசைத்தட்டுக்களை ஒலிக்கச் செய்தனர்.

நாற்சந்திக் கதையோ முதலில் அவரைப் பற்றியதுமன்று. ரொமி ஜோன்சன் என்னும் வேறொரு பாடகர் தாம் நாற்சந்தியிற் கற்றதாகச் சொல்லிக்கொண்டார் என, அவருடைய சகோதரர் ஓர் ஆய்வாளருக்குக் கூறியிருந்தார். பெயரொற்றுமையும், றொபேட் பாடிய நாற்சந்திப் பாடலும், அவருடைய அகால மரணமும் ஒன்றுசேர, கதை இவர் மேல் ஏறிற்று. அப்பாடலிலே உடன்படிக்கை எதுவுமில்லை. பொழுது சாயும் வேளையில் வண்டியேற்றுவாரின்றி, இறைவனிடம் இரங்கி நிற்கும் மனிதன் ஒருவனே அதிலுள்ளான். சாத்தானைப் பற்றி வேறு பாடல்களில் அவர் பாடியதுண்டு. ஆயின் அது அக்காலப் பாடகர் பலரும் கையாண்ட பொருளே. 1986இல் வெளிவந்த திரைப்படமொன்று இக்கதையை உலகெங்கும் பரப்பியது.

வித்தை எவ்வளவு நிலையற்றது என்பதற்குச் சண் ஹவுஸின் முதுமையே சான்று. 1943இல் வடக்கே றொச்செஸ்ரர் நகருக்குப் பெயர்ந்த அவர், காலப்போக்கிற் கிற்றாரைக் கைவிட்டார். 1964இல் மூன்று இளைஞர் அவரைத் தேடிக் கண்டபோது, 62 வயதான அவருடைய விரல்கள் பழைய பாடல்களை மறந்திருந்தன. ஹவுஸின் இசைத்தட்டுக்களைக் கேட்டுப் பயின்றிருந்த அலன் வில்சன் என்னும் 21 வயது இளைஞர், கிற்றாருடன் எதிரே அமர்ந்து, அவருடைய பாடல்களை அவருக்கே மீண்டும் வாசித்துக் காட்டினார். முதியவர் மறுபடியும் மாணவரானார். அடுத்த ஆண்டிலேயே புதிய இசைத்தட்டு ஒன்று பதிவாயிற்று. அதே காலத்தில், கண்ணொளியற்ற கேரி டேவிஸ் போதகர் நியூயோர்க்கில் தம் வீட்டிலேயே பாடமொன்றுக்கு 5 டொலர் பெற்று இளைஞருக்குக் கற்பித்தார். அவருடைய மாணவருள் ஒருவரான ஸ்ரெபன் குறொஸ்மன், எந்தக் கம்பியில் எந்த மெட்டைத் தொடுவது என்பதை எண்களாற் குறித்து நூல்களாக்கினார். கண்டும் கேட்டும் மட்டுமே கைமாறிய கலை இவ்வாறு ஏட்டிலும் ஏறிற்று.

ஐக் சிமர்மன் பெயரால் ஓர் இசைத்தட்டேனும் இல்லை. பேயின் பெயரை உலகம் அறியும். ஆசிரியரின் பெயரை அறிந்தோர் சிலரே. பேய் கற்பித்தது என்னும் கதை, விரல் தடுமாறி நிற்கும் புதிய மாணவனுக்கு எவ்வித உதவியும் செய்யாது; தனக்கு அருள் இல்லையென்று அவன் வாத்தியத்தை மூடிவைக்கவே அது தூண்டும். வீதிவேலை செய்து களைத்த ஒருவர், இரவிலே கல்லறை மீதமர்ந்து, அயலூர் இளைஞனின் பிழைகளைப் பொறுமையோடு கேட்டிருந்தார் என்பதே அவனுக்குத் துணையாகும் செய்தி.