துப்பாக்கி விற்றால் பதிவேட்டில் ஏறணும்: அப்பா துப்பாக்கியை பரணில் போட்டால் வழக்கு
அரக்கோணம்: பேட், பந்து வாங்குற மாதிரி ஸ்போர்ட்ஸ் கடையில் துப்பாக்கி வாங்கிட முடியாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் பெற்ற கடைகளே விற்கலாம்.

வாங்கியவர் பெயர், முகவரி, உரிம எண், துப்பாக்கி நம்பர் எல்லாம் கடைப் பதிவேட்டில் ஏற வேண்டும். நம்பரோ அடையாளக் குறியோ இல்லாத துப்பாக்கியை விற்கவே கூடாது.

சொந்தத் துப்பாக்கியை உரிமம் உள்ள இன்னொருவருக்கு விற்கணும்னா, வாங்குபவர் விவரத்தை கலெக்டரிடமோ போலீஸ் நிலையத்திலோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும்.

2019 சட்டத்திருத்தப்படி பொதுவாக ஒருவருக்கு 2 துப்பாக்கிதான். முன்பு 3 இருந்தது. உரிமக் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டானது. அரக்கோணம் பகுதியினருக்கு ராணிப்பேட்டை கலெக்டர் ஆபீஸ்.

உரிமம் வைத்திருந்த அப்பா இறந்துட்டா, துப்பாக்கியை பரணில் போட்டு வைக்காதீங்க. தாமதிக்காமல் போலீஸ் நிலையத்திலோ உரிமக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கோங்க. இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர் மீது வழக்கு பாயலாம்.