கொல்லிமலைக் காய்ச்சலும் காத்து கருப்பும்

1. நான் வேலை பார்க்கும் திண்ணனூர் நாட்டுப் பக்கம் வயசானவங்க யாரைக் கேட்டாலும் ஒண்ணு சொல்லுவாங்க. "பொழுது சாஞ்சா ஓடைப் பக்கம் போகாதே, காத்து கருப்பு அண்டிடும்." புதுசா வந்தப்போ நானும் சிரிச்சேன். இப்போ சிரிக்கிறதில்லை. காரணம் சொல்றேன்.

2. கொல்லிமலை மேல இருக்கிற பயம் ரொம்பப் பழசு. சங்கப் பாட்டுகளில் கொல்லிப்பாவை என்பவள் அழகுக்கு உவமை. பின்னாடி வந்த கதைகளில், சிரிச்சே ஆளை மயக்கிக் கொல்லுற பாவையா மாறிட்டா. இன்னைக்கு எட்டுக்கை அம்மனா கும்பிடுறோம். அந்தக் கதைக்குக் காய்ச்சல்தான் காரணம்னு நான் சொல்ல வரலை. ஆனா இந்த மலையில் நிஜமாவே ஆளைக் கொன்ற ஒண்ணு இருந்தது. மலேரியா.

3. ஆங்கிலேயர் காலத்தில் ஏற்காட்டில் காபித் தோட்டமும் பங்களாவும் வந்தன. கொல்லிமலைக்கோ "காய்ச்சல் மலை" என்ற கெட்ட பேர். அந்தத் துரைமார்களுக்கும் காரணம் தெரியாது. சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் காய்ச்சலைத் தருதுன்னு ஐரோப்பாவே நம்பிக்கிட்டு இருந்தது. மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கு அர்த்தமே "கெட்ட காற்று". நம்ம பாட்டி சொன்ன காத்து கருப்புக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம்?

4. 1880ல் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் நோயாளியின் ரத்தத்தில் அந்தக் கிருமியைப் பார்த்தார். அது உடம்புக்குள்ள எப்படி வருது? அதைத் தேடி 1897ல் ரொனால்ட் ராஸ் நம்ம ஊட்டிக்குக் கீழே சீகூர் பக்கம் போனார். அங்கே அவருக்கே மலேரியா வந்தது! அதே வருஷம் ஆகஸ்ட் 20, செகந்திராபாத்தில் ஒரு அனாபிலிஸ் கொசுவின் வயித்துக்குள்ள அந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சார்.

5. சரி, அதுவரை ஏன் பெரும்பாலானவங்களுக்குக் கொசு மேல சந்தேகம் வரலை? கடிச்சு 10, 15 நாள் கழிச்சுத்தான் காய்ச்சல் வரும். அன்னைக்குக் கடிச்ச கொசுவை யார் ஞாபகம் வெச்சிருப்பா? இருட்டில் தனியா நடந்து வந்த ஓடைதான் ஞாபகத்துக்கு வரும்.

6. அடுத்தது இன்னும் முக்கியம். மலேரியாவில் ஒரு வகை, ஒருநாள் விட்டு ஒருநாள் அடிக்கும். இன்னைக்குக் குளிர் தூக்கிப் போடும். பூசாரி மந்திரிச்சுக் கயிறு கட்டுவார். நாளைக்குக் காய்ச்சல் இருக்காது. "பாத்தியா, கயிறு கேட்டுச்சு!" மறுநாள் திரும்ப வரும். இன்னொரு வகை மூளையைத் தாக்கும். பிதற்றல், வலிப்பு. பார்க்கிறவங்களுக்கு அது பேய் பிடிச்ச மாதிரியே இருக்கும். அவங்க முட்டாள்கள் இல்லை. கண்ணால் பார்த்ததை வெச்சுத்தான் முடிவு பண்ணினாங்க.

7. அனாபிலிஸ் கடிக்கிறது பொழுது சாஞ்சதிலிருந்து விடியுற வரை. அடிவார ஓடைகளில் வளரும் இனமும் அதில் உண்டு. அப்போ "பொழுது சாஞ்சா ஓடைப் பக்கம் போகாதே" என்ற பேச்சு? எச்சரிக்கை சரி, சொன்ன காரணம்தான் தப்பு. காரணம் தப்பானா மருந்தும் தப்பாயிடும். ஆபத்து அங்கேதான்.

8. சுதந்திரம் வந்தப்போ இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு. 1953ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. வீட்டுச் சுவரில் டிடிடி அடிச்சாங்க. 1958க்கு அப்புறம் ஊழியர்கள் வீடு வீடா வந்து விரல் குத்தி ரத்தம் எடுத்தாங்க. 1961ல் எண்ணிக்கை 50 ஆயிரத்துக்கும் கீழே! அப்புறம் கொசு டிடிடிக்குப் பழகிடுச்சு, நம்ம வேகமும் குறைஞ்சது. 1976ல் திரும்ப 64 லட்சம். அதையும் மறுபடி குறைச்சோம். கெட்ட நேரம் மாறியா குறைஞ்சது? இல்லை, காரணம் தெரிஞ்சதால்.

9. இதை ஏன் இப்போ சொல்றேன்? மலேரியா குறைஞ்சிடுச்சு, கயிறு குறையலை. இன்னைக்குப் புதர்ப் பக்கம் போனவங்களுக்கு உண்ணிக் காய்ச்சல் வருது. கண்ணுக்கே தெரியாத சின்னப் பூச்சி கடிச்சு, அதுவும் ஒரு வாரம், பத்து நாள் கழிச்சுத்தான் வரும். "காட்டில் எதையோ மிதிச்சிட்டான்"னு மந்திரிக்கப் போயிடறாங்க. அக்குள், தொடை இடுக்கு மாதிரி இடங்களில் சிகரெட் சூடு வெச்ச மாதிரி கருப்புப் பொருக்கு இருக்கலாம். எல்லாருக்கும் இருக்காது. சீக்கிரம் வந்தா விலை குறைஞ்ச மாத்திரையிலேயே சரியாயிடும். லேட்டானா நுரையீரல், சிறுநீரகம், மூளை வரைக்கும் போகும்.

10. அதனால் உங்ககிட்ட ஒரே வேண்டுகோள். வீட்டுப் பெரியவங்களோட சண்டை போடாதீங்க. "கயிறு கட்டலாம் பாட்டி, கட்டிட்டு இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு வந்துடலாம்"னு சொல்லுங்க. ரெண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தா ரத்தப் பரிசோதனை. பிதற்றல், வலிப்பு, மூச்சுத் திணறல் இருந்தா ஒரு நிமிஷமும் காத்திருக்காம 108.

கையில் கயிறோட வர்ற குழந்தையைப் பார்த்து நான் திட்ட மாட்டேன். எத்தனை நாள் காய்ச்சல்னு மட்டும்தான் கேட்பேன். அந்தப் பதில் "நேத்திலிருந்து"ன்னு இருக்கணும் நண்பர்களே. "பத்து நாளா"ன்னு இருக்கக் கூடாது.