பதிவேடும் முறையீடும்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில் கொழிஞ்சாம்பாறை அமைந்திருக்கிறது. ஆட்சி கேரளத்தினுடையது, வீட்டிலும் கடைத்தெருவிலும் பெரிதும் ஒலிப்பது தமிழ். இவ்வூரார் நோயுற்றால் மேற்கே பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் செல்வர். கிழக்கே பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் செல்வர். நோய்க்கு எல்லை இல்லை. ஆனால், சிகிச்சையில் பிழை நேர்ந்ததோ என்று ஐயுறும் நாளில் எல்லைக்கோடு கண்முன் வந்து நிற்கிறது. யாரிடம் சென்று முறையிடுவது? இவ்வினாவின் வரலாற்றையே இன்று எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

மருத்துவர் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதும், தகாதவர் பெயரை நீக்குவதும் 1858ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சட்டமாயின. அம்முறை 1912இல் பம்பாய்க்கும், 1914இல் சென்னைக்கும் வங்காளத்துக்கும் வந்தது. சென்னைச் சட்டம் கோவையையும் பொள்ளாச்சியையும் மலபாரையும் ஒருங்கே தழுவியது. கொழிஞ்சாம்பாறை அடங்கிய சித்தூர் வட்டமோ கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஆகவே சென்னைச் சட்டம் அதன் வாயிலிலேயே நின்றுவிட்டது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1953இல் அவ்விணைந்த மாநிலம் தனக்கென ஒரு மருத்துவர் சட்டம் செய்துகொண்டது. 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரளம் பிறந்தபோதும் பழைய சட்டங்கள் தத்தம் பகுதிகளில் தொடர்ந்தன. மாநிலம் முழுமைக்கும் ஒரே சட்டம் 2021இல்தான் இயற்றப்பட்டது.

இச்சட்டங்கள் எதைக் குற்றமெனக் கொண்டன? தொழில் தொடர்பான இழிநடத்தையை. அது இழிவா அன்றா என்று அளந்தவர்கள் சக மருத்துவர்களே. காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடும் டாக்டர் அல்லின்சன், மருந்துகளைப் பழித்தும் தம்மைத் தாமே விளம்பரப்படுத்தியும் எழுதியமைக்காக 1892இல் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் 1894இல் வந்த தீர்ப்பு, நற்பெயரும் திறமையும் உடைய சக மருத்துவர் வெட்கத்தக்கதெனக் கருதும் செயலே இழிநடத்தை என்று வகுத்தது. பம்பாயில் டாக்டர் போபட் பிரபுராம், ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றோடு தொடர்பு கொண்டிருந்ததற்காகப் பதிவை இழந்தார். இவ்விரு வழக்குகளிலும் நோயாளியின் துன்பம் பேசப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். தொழிலின் மானம் காக்கவே கவுன்சில்கள் தோன்றின. நோயாளியின் குறை பின்னர்தான் அங்கு இடம்பெற்றது.

அவ்விடம் 2002ஆம் ஆண்டின் ஒழுக்க விதிகளில் தெளிவு பெற்றது. முறையீடு வந்தால் மருத்துவருக்கு விளக்கம் கூற வாய்ப்பளிக்க வேண்டும். 6 மாதங்களுக்குள் முடிவு காண வேண்டும். குற்றம் உறுதியானால் எச்சரிக்கலாம், சில காலத்துக்கோ நிரந்தரமாகவோ பெயரை நீக்கலாம். நோயாளி கேட்டால் மருத்துவக் குறிப்புகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. 2020 செப்டம்பர் 25 முதல் இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் அமர்ந்தது. அதற்கு அடிப்படையான 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு குறை உண்டு. மாநிலக் கவுன்சிலின் முடிவால் பாதிக்கப்பட்ட மருத்துவர் மேல்முறையீடு செய்யலாம் என்று அது வெளிப்படையாகக் கூறுகிறது. முறையிட்ட நோயாளிக்கு அவ்வாறு கூறவில்லை. ஒரு கட்சிக்கு மட்டும் மேல்படி அமைத்த நீதிமன்றம் உண்டோ? பழைய நோக்கின் நிழல் இன்னும் நீங்கவில்லை என்றே தோன்றுகிறது.

கவுன்சில் இழப்பீடு வழங்குவதில்லை. அதற்கு நுகர்வோர் ஆணையத்தை நாட வேண்டும். கட்டணம் பெற்றுச் செய்யும் சிகிச்சை அச்சட்டத்துக்கு உட்பட்ட சேவையே என 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் குணமாகாத நோயெல்லாம் மருத்துவரின் குற்றமாகாது. குற்றவியல் வழக்குக்குக் கடுமையான கவனக்குறைவு இருந்தாக வேண்டும் என்று 2005இல் அதே நீதிமன்றம் வரையறுத்தது. அச்சத்தோடு கத்தி பிடிக்கும் கை நோயாளிக்கும் நன்மை செய்யாது அன்றோ!

இனித் தொடக்க வினாவுக்கு வருவோம். மருத்துவரின் பெயர் எம்மாநிலப் பதிவேட்டில் உள்ளதோ, அம்மாநிலக் கவுன்சிலே முறையீட்டுக்குரிய இடம். தமிழ்நாட்டில் பதிவு பெற்றவராயின் சென்னைக்கும், கேரளத்தில் பதிவு பெற்றவராயின் திருவனந்தபுரத்துக்கும் எழுத வேண்டும். மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் தமிழர்க்கும் இதுவே வழி. நோயாளியின் மொழி எதுவென்று பதிவேடு பார்ப்பதில்லை. மருத்துவரின் பதிவு எண்ணையே பார்க்கிறது. அவ்வெண்ணை மருந்துச்சீட்டில் குறிக்க வேண்டும் என்பது 2002 விதி. ஆதலின், நோய் தீர்ந்த பின்னும் அச்சீட்டைக் கிழித்தெறியாதீர்கள். குடும்ப அட்டையோடும் நிலப்பத்திரத்தோடும் அதற்கும் பெட்டியில் ஓரிடம் கொடுங்கள்.