செங்கத்தில் அரசன் ஒரு தேதி

திருவண்ணாமலையில் வரலாறு என்று பேச்செடுத்தால் அது 217 அடி ராஜகோபுரத்தில் ஆரம்பித்து கிருஷ்ணதேவராயரில் முடிந்துவிடும். மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கும் செங்கம் எங்களுக்கு பெங்களூர் பஸ் நின்று போகிற ஊர், அவ்வளவுதான். வடக்கே ஜவ்வாது மலை, தெற்கே தென்பெண்ணை, ஊரை ஒட்டிச் செய்யாறு. 1958இல் சாத்தனூர் அணை வந்தது. 1989இல் வடஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை மாவட்டமானது. செங்கம் தாலுகாவாகவே தங்கியது, பின்னால் அதிலிருந்து தண்டராம்பட்டு கழன்றுகொண்டது. நிர்வாகக் குறிப்பு எழுதுகிறவருக்கு இது போதும்.

இலக்கியக்காரர்களுக்கு வேறொரு வசதி, 583 அடி மலைபடுகடாம். நன்னனின் செங்கண்மா இதுதான் என்று சொல்லிவிட்டால் ஊருக்குப் பெருமை வந்துவிடுகிறது. எனக்கு அந்தப் பெருமையில் ருசியில்லை. கூத்தர்கள் வந்து பரிசில் வாங்கிப் போனதைவிட, இங்கேயே இருந்து மாடு மேய்த்தவன் என்ன ஆனான் என்பது முக்கியமாகப் படுகிறது. அதற்குச் சான்றும் இருக்கிறது.

இந்தத் தாலுகாவில் கிடைத்த நடுகற்களின் வாசகங்களைத் தமிழ்நாடு தொல்பொருள் துறை 1972இல் வெளியிட்டது, பதிப்பாசிரியர் இரா. நாகசாமி. பெரும்பாலும் வட்டெழுத்து, பல்லவர் காலம். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னாருடைய சேவகன் இன்னான், தொறுப் பூசலில் பட்டான், அவன் கல். உவமை கிடையாது. வெட்சி, கரந்தை என்று திணை வகுத்த இலக்கணம் கண்ட வீரத்துக்கும் இந்த வறண்ட வாக்கியங்களுக்கும் வெகுதூரம்.

எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவகத்தி என்பவன் தன் எருமைகளுக்காகச் செத்திருக்கிறான். அதோடு நிறுத்தவில்லை. கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று இன்னொரு வாசகம். நாய்க்கு உருவமும் செதுக்கியிருக்கிறார்கள். இதே மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக சமஸ்கிருதத்தில் சொல்லிக்கொள்கிறான். அங்கே அவன் எழுவாய். எடுத்தனூரில் அவன் வெறும் தேதி, எழுவாய் நாய்.

மேட்டு நிலத்திலிருந்து இறங்கும் கணவாய் இது. மாடு ஓட்டிப் போகவும் படை நடத்தவும் அதே வழிதான். 1767 செப்டம்பர் 3ஆம் தேதி ஹைதர் அலியும் நிஜாமும் இங்கே ஆங்கிலத் தளபதி ஜோசப் ஸ்மித்தோடு மோதினார்கள். அந்த மாதக் கடைசியில் சண்டை திருவண்ணாமலைக்கே வந்தது. இடைப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில் கதை தலைகீழாகிவிட்டது. செத்தவனின் பெயர் கல்லில் இருந்தது போய், சாகச் சொன்னவனின் பெயர் புத்தகத்தில் ஏறிவிட்டது.

பல நடுகற்கள் இன்று வேடியப்பன். பொங்கல் வைக்கிறார்கள், பலி கொடுக்கிறார்கள். எழுத்தின்மேல் எண்ணெயும் மஞ்சளும் ஏறிக் கிடக்கிறது என்று கல்வெட்டு படிக்கிறவர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஆனால் எண்ணெய் ஏறிய கல்லை யாரும் துணி துவைக்க எடுத்துப் போவதில்லை. காட்சிக்கூடத்துக்குக் கொண்டுபோனால் அவனுக்குப் பெயர் திரும்பக் கிடைக்கும், ஊர் போய்விடும். கல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு பலகை நட்டு, அதன் வாசகத்தை இன்றைய எழுத்தில், நாயின் பெயரை விட்டுவிடாமல், எழுதி வைக்கலாம். பஞ்சாயத்துக்கு அது பெரிய செலவில்லை.