பத்து வெள்ளியும் பால்மரத் தோட்டமும்



பத்து வெள்ளியைக் கொண்டு ஒரு தோட்டத்தை வாங்க முடியுமா? தனியாள் ஒருவரால் முடியாது. பலர் சேர்ந்தார்கள், முடிந்தது. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

1957-இல் நம் நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில், வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். இதற்குத்தான் தோட்டத் துண்டாடல் என்று பெயர். தோட்டம் கைமாறியதும் பலருக்கு வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. மண்ணைத் திருத்தியவர்களுக்கு அந்த மண்ணில் உரிமை இல்லை!

இந்நிலையை மாற்ற, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அவரே தோட்டந்தோட்டமாகச் சென்று விளக்கினார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. பிறகு வேறு தோட்டங்களும் வந்தன. ஒன்றில் வருமானம் குறைந்தாலும் மற்றொன்று தாங்கும் அல்லவா?

இன்று பங்குச் சந்தையில் உள்ள சொத்து நிதிகளும் பலருடைய பணத்தால் கட்டடங்களை வாங்கி, வாடகையைப் பங்கிடுகின்றன. அத்தகைய நிதிகளின் குறியீடு ஒன்றைப் பின்பற்றி, அவை பலவற்றை ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கும் குறியீட்டு நிதியும் உண்டு. ஆனால் அதன் விலை ஏறும், இறங்கும். ஆகவே அரிசிக்கும் பள்ளிச் செலவுக்கும் உரிய காசை அதில் போடாதீர்கள். மிச்சப்படும் காசை, விசாரித்து, பொறுமையோடு போடுங்கள். நம் முன்னோர் பத்துப் பத்தாகச் சேர்த்துத்தான் முதலாளிகள் ஆனார்கள்.